கொக்கிஸ் என்று கேட்டால் கொக்கியைக் காட்டுவார்கள்

தங்கச்சி, சித்திரை வருடப்பிறப்புக்கு இலங்கைப் பலகாரமான கொக்கிஸ் சுட்டு மண்டபம் அகதி முகாமில் விற்கலாமா, அச்சு எங்கே கிடைக்கும், அகதிப் பதிவு முடிய எத்தனை நாளாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவைப் பற்றி முகாம் அலுவலகத்தில் கேளுங்கள். அச்சு ராமநாதபுரத்துப் பாத்திரக்கடைகளில் இருக்கும். ஆனால் "அச்சு முறுக்கு அச்சு" என்று கேளுங்கள். நான் கொக்கிஸ் என்று கேட்டதற்குச் சுவரில் அடிக்கிற கொக்கியை எடுத்து வைத்தார்கள்.

விற்பதென்றால், கடனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வந்த புதிதில் ஒரு கடைக்காரர் நூறு கொக்கிஸ் வாங்கினார். பத்து நாள் கழித்துப் பாதியைத் திருப்பித் தந்தார், நமுத்துப்போய். "இனிப்பே இல்லையே அம்மா" என்றார். மீதிப் பாதிக்கு இன்றுவரை காசு வரவில்லை.

இனிப்பைப் பற்றி அவர் சொன்னது சரிதான். இங்கே அச்சு முறுக்கில் சீனி தாராளம், முட்டையும் மைதாவும் சேர்ப்பவர்கள் உண்டு. நமக்குப் பச்சரிசி மா, கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். பாக்கெட் இடியாப்ப மாவை வாங்கிவிடாதீர்கள், அது அச்சில் பிடிக்காது. புது அச்சை முதல்நாளே எண்ணெயில் ஊறவிடுங்கள். சுடும்போது காய்ந்த எண்ணெயில் நன்றாகச் சூடேற்றி, முக்கால் பங்குதான் மாவில் முக்க வேண்டும். மேல் விளிம்பு மூடினால் கொக்கிஸ் அச்சிலிருந்து கழலாது.

நான் கொஞ்சம் சீனி சேர்த்தேன், தேங்காய் எண்ணெயை விட்டுக் கடலை எண்ணெய்க்கு மாறினேன். இப்போது தீபாவளிக்கும் என்னிடம்தான் சொல்லிவைக்கிறார்கள். கனடாவில் இருக்கும் சொந்தங்கள் படத்தைப் பார்த்தே "இது நம்ம கொக்கிஸ் இல்லை" என்கிறார்கள். பாக்கெட் பிரித்துத் தின்கிறவர்களுக்கு இந்த வாய்! பெயரே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுப்போனது, சிங்களவர் வீட்டு மேசையிலும் இருப்பது. இதில் என்ன நம்ம, உங்க?

1990-இல் மன்னாரில் உள்ள பேசாலையிலிருந்து வந்தோம். "இதுதான் இந்தியா" என்று படகுக்காரர் இருட்டில் இறக்கிவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் மணல்திட்டு, நான்கு பக்கமும் கடல். இராமேசுவரத்து மீனவர்கள்தான் கரை சேர்த்தார்கள்.

அடுத்த சித்திரைக்கு அச்சு ஏது? அப்பா பால்மா டின்னைக் கீற்றாக வெட்டி, பூப்போல வளைத்து, கம்பியில் கட்டிக் கொடுத்தார். முதல் கொக்கிஸ் அச்சோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கால்களை விரித்துக்கொண்டு நண்டு மாதிரி வந்தது. முகாமில் அடுத்த லைன் வீட்டுப் பிள்ளைகள் "நண்டு தாங்க, நண்டு தாங்க" என்று வாசலிலேயே நின்றார்கள். அம்மா மாவு தீரும்வரை சுட்டார். மாத எண்ணெய் முழுவதும் அன்றே முடிந்துவிட்டது. அப்பா ஒரு கிழமை அம்மாவோடு பேசவில்லை.