பதவிக்குப் பின் ஜிம்மி கார்ட்டர் செய்தது என்ன?

1980 தேர்தலில் தோற்ற கார்ட்டரை, அமெரிக்காவின் மிகச் சிறந்த முன்னாள் அதிபர் என்று பலரும் ஏன் போற்றுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்புச் சிலந்தி என்ற புழுவால் வரும் நோய்க்கு எதிராக அவர் நடத்திய நெடும்போரையே நான் முதன்மையான காரணமாகக் கருதுகிறேன். தேங்கிய நீரைக் குடிப்பவரின் உடலுக்குள் புகும் இந்தப் புழு, ஏறத்தாழ ஓராண்டில் ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுக்க வேண்டும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. 1982இல் மனைவி ரோசலினுடன் அட்லாண்டாவில் அவர் தொடங்கிய கார்ட்டர் மையம், 1986 முதல் துணி வடிகட்டிகளையும் சுகாதாரக் கல்வியையும் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. அக்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்ட நோய், 2023இல் 14 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. வீடு வீடாகச் சென்று உழைத்த உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கும் இப்பெருமையில் உரிய பங்கு உண்டு. தேர்தல் கண்காணிப்பு, 1994இல் வட கொரியாவுக்கு மேற்கொண்ட சமரசப் பயணம், ஏழைகளுக்கான வீடுகளைத் தம் கையாலேயே கட்டியது ஆகியவையும் சேர்ந்தே 2002இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசைப் பெற்றுத் தந்தன.