பட்டா விற்றவர் பெயரில் இருந்தால் பூங்கா அவருடையதா?

கேள்வி: திருச்சிக்கு வெளியே, ஊராட்சி எல்லையில் உள்ள ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மொத்தம் ஐந்து ஏக்கர். 2019-இல் அனுமதி பெற்றது. வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சை வண்ணம் தீட்டிய இடம் இன்று முள்காடாகக் கிடக்கிறது. மனைகளை விற்றவர் இப்போது வந்து, “பட்டா என் பெயரில்தான் இருக்கிறது, ஆறு மனைகளாகப் பிரித்து விற்கப்போகிறேன்” என்கிறார். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் காகிதம் எதுவும் இல்லை என்கிறார்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. பத்து விழுக்காடு என்றால் 50 சென்ட் விட்டிருக்க வேண்டும். வரைபடத்திலேயே 36 சென்ட்தான் இருக்கிறது. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா?

பதில்: முதலில் பதற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பட்டாவைக் காட்டி அவர் அந்த இடத்தை விற்க முடியாது. ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் விற்க முயல்வார், வாங்கவும் ஆள் வருவார்கள். எனவே இந்த மாதமே வேலையைத் தொடங்குங்கள்.

சிறிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 36 சென்ட் சரியான கணக்குதான். பத்து விழுக்காடு என்பது மொத்தப் பரப்பில் அல்ல, சாலைகளைக் கழித்த பிறகு மிஞ்சும் பரப்பில். ஐந்து ஏக்கர் என்பது 20,235 சதுர மீட்டர். சாலைகளுக்கு 5,635 போனதாக வைத்துக்கொண்டால் மீதி 14,600. அதில் பத்து விழுக்காடு 1,460 சதுர மீட்டர், அதாவது 36 சென்ட். உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் பரப்பளவு அட்டவணையில் இந்தக் கழித்தல் அப்படியே இருக்கும், பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இதுதான்: 3,000 சதுர மீட்டர் வரை திறந்தவெளி ஒதுக்கீடு தேவையில்லை, 3,000 முதல் 10,000 வரை இடமாக விடலாம், முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம், 10,000-க்கு மேல் போனால் இடமாகத்தான் விட வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. உங்களுடையது 20,000-ஐத் தாண்டியது. ஆகவே அந்த 36 சென்ட் விற்றவர் மனமுவந்து விட்ட சலுகை அல்ல. அதை விட்டதால்தான் மற்ற மனைகளை விற்கவே அவருக்கு அனுமதி கிடைத்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நகர் ஊரமைப்பு வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரைபடத்தின் பச்சை வண்ணத்தை மட்டும் நம்பிப் பூங்காவை இழந்த குடியிருப்புகள் பல. வண்ணத்துக்குப் பின்னால் ஒரு தானப் பத்திரம் இருக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் கொடுக்கும் முன், சாலைகளையும் ஓஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குப் பதிவுசெய்த தானப் பத்திரம் மூலம் எழுதி வாங்குவார்கள். உங்கள் மனைப்பிரிவு 2019-இல் இறுதி ஒப்புதல் பெற்றிருந்தால் அந்தப் பத்திரம் ஏறக்குறைய நிச்சயமாக இருக்கும். ஊராட்சிச் செயலர் மேசையில் அது இல்லை என்பதால் அது பிறக்கவே இல்லை என்று ஆகாது. ஊராட்சிப் பகுதிகளில் இந்தத் தானம் பல நேரம் ஊராட்சி ஒன்றிய ஆணையர் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அதன் பிரதி ஒன்றிய அலுவலகக் கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க வில்லங்கச் சான்று போடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தங்கள் மனை எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பூங்காவுக்கு மனை எண் கிடையாது. மனைப்பிரிவு எந்தெந்தப் புல எண்களில் அமைந்ததோ, அந்தத் தாய்ப் புல எண் ஒவ்வொன்றுக்கும், உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தேடுங்கள். காலத்தை 2018-லிருந்து இன்றுவரை வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். தானப் பதிவு கண்ணில் பட்டதும் ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

நகல் வந்ததும் சொத்து விவரப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு முறை என்னிடம் வந்த குடியிருப்போர் சங்கத்தின் பத்திரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. புல எண் மட்டும் 124/2பி என்று இருக்க வேண்டிய இடத்தில் 124/2ஏ என்று இருந்தது. நான்கு எல்லைகள் சரி, பரப்பு சரி, ஓர் எழுத்து பிழை. அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு நெடுங்காலம் இழுத்தடித்தது. அப்படி ஏதாவது தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதச் சொல்லி, ஊராட்சி ஒன்றியத்தின் மூலமாக விற்றவரிடம் உடனே எழுத்தில் கேட்கச் செய்யுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே வழக்கில் உங்களுக்குச் சான்று. அதே வில்லங்கச் சான்றில் தானத்துக்குப் பின் ‘ரத்துப் பத்திரம்’ ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவாகி, ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அதை மிகக் குறுகிய சூழல்களில் மட்டுமே அனுமதிக்கிறது.

அப்படியானால் பட்டா எப்படி அவர் பெயரில் இருக்கிறது? பதிவுத்துறை ஒரு வழியில் போகிறது, வருவாய்த்துறை இன்னொரு வழியில் போகிறது. தானம் பதிவானதும் உள்ளாட்சி அமைப்பு வட்டாட்சியருக்கு விண்ணப்பித்து, அந்த இடத்தை உட்பிரிவு செய்து, தன் பெயருக்குப் பட்டா மாற்றியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட இடங்கள் ஏராளம். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. மக்கள் சொத்தை எழுதி வாங்கிவிட்டு, பெயர் மாற்றாமல் கோப்பை மூடுவது, வீட்டை வாங்கிவிட்டுச் சாவியைப் பழைய உரிமையாளரிடமே விட்டுவருவது போன்றது. ஆனால் சட்டப்படி பட்டா உரிமை மூலம் அல்ல. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பதிவான தானப் பத்திரத்தின் முன் பழைய பட்டா நிற்காது.

பத்திர நகல் கையில் வந்த அன்றே மூன்று மனுக்கள் எழுதுங்கள். வட்டாட்சியருக்கு ஒன்று: தானப்படி உட்பிரிவு செய்து ஊராட்சி பெயருக்குப் பட்டா மாற்றக் கோரி. இதில் ஊராட்சியோ ஒன்றியமோ விண்ணப்பதாரராக இருப்பது நல்லது. எனவே ஒன்றியத்தை நடத்தும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்று. மூன்றாவது, மிக அவசரமானது, சார்பதிவாளருக்கு ஆட்சேப மனு. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமான நிலத்தை மற்றவர் விற்கும் ஆவணத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது. அனுமதி இல்லாத மனைகளையும் அப்படியே. புல எண், தானப் பத்திர எண், வரைபட நகல் மூன்றையும் இணைத்துக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை “வரைபடத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கிவிட்டேன்” என்று அவர் சொன்னால் அசராதீர்கள். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மாற்ற முடியாது. உங்களில் யாரிடமாவது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா என்று வீடு வீடாகக் கேட்டுவிடுங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் மனைப்பிரிவின் பதிவைத் தேடி, அதிலுள்ள வரைபடத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அலுவலகம் வாய் திறக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. “பூங்கா என்ன ஆயிற்று?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இறுதி ஒப்புதல் ஆணையின் நகல், தானப் பத்திரத்தின் நகல், அந்த இடத்தின் சொத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் முள்காட்டை அகற்றி வேலி போடத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

பழைய மனைப்பிரிவுகளில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். தேடித் தேடியும் தானப் பத்திரம் இல்லை என்றால்கூட வழி அடைபட்டுவிடவில்லை. டெல்லி மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் வரைபடத்தில் பூங்காவாக ஒதுக்கிய நிலத்தின் உரிமை மனைப்பிரிவு போட்டவரிடமே இருந்தாலும், அவர் அதைக் குடியிருப்போருக்கான அறங்காவலராகத்தான் வைத்திருக்கிறார் என்றது. அவர் அதை வேறு எதற்கும் திருப்ப முடியாது. அரசே நினைத்தாலும் எளிதில் முடியாது என்பதற்குப் பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கம் சான்று. அங்கே பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்போர் எதிர்த்துப் போனார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. சென்னைப் பகுதியின் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதிகளையும், நிலத்தை இழப்பீடின்றித் தானமாகத் தர வேண்டும் என்பதையும் 2023-இல் அதே நீதிமன்றம் சரி என்று உறுதிசெய்துவிட்டது.

உங்களுக்குக் கசக்கக்கூடிய இரண்டு விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். தானமான இடம் உங்கள் சங்கத்தின் சொத்து அல்ல, ஊரின் சொத்து. சுற்றிலும் சுவர் எழுப்பிப் பூட்டுப் போட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளை விரட்டினால், விற்றவர் செய்த அதே தவற்றை நீங்களும் செய்கிறீர்கள். அடுத்தது, இடத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளையார் கோயில் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பக்தியால்தான் சொல்வார்கள், ஆனாலும் வேண்டாம். பொது இடங்களில் புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டக் கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. நீங்களே விதியை மீறினால், நாளை மேல்நிலைத் தொட்டியும் குப்பைக் கொட்டகையும் அங்கே வரும்போது எந்த வாயால் தடுப்பீர்கள்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து பேர் சேர்ந்து, நூறடி நாடாவுடன் அந்த முள்காட்டுக்குப் போங்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் நான்கு பக்க அளவுகளையும் தரையில் அளந்து பாருங்கள். விதிப்படி எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத்து மனைக்காரர் வேலி ஓரடி உள்ளே வந்திருந்தால் இப்போதே பேசித் தீர்ப்பது எளிது. மூலைக் கற்கள் இருக்கின்றனவா, பிடுங்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அருகிலுள்ள மனை எண் தெரியும்படி படம் எடுங்கள். கல் இல்லாத மூலைகளைக் குறித்துக்கொண்டு, நில அளவைக்குக் கட்டணம் கட்டி அளவரை வரவழையுங்கள். அவர் ஊன்றும் கல்லுக்குப் பக்கத்தில், ஊராட்சியின் சம்மதத்தோடு, ஆளுக்கொரு வேம்போ புங்கனோ நட்டுவிட்டு வாருங்கள்.