மீட்டர் எங்க இருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: டிவியில நாட்டோட எரிசக்தி கணக்க "மில்லியன் டன் எண்ணெய்க்குச் சமம்"னு சொல்றாங்க. எங்க ஈபி கார்டுல யூனிட்னுதான் எழுதறாங்க. கரண்ட்ட எதுக்கு எண்ணெயில அளக்கணும்?
– வாசகி, பெரம்பூர்

நல்ல கேள்விம்மா. வீட்டுக்கு கரண்ட் மட்டும் போதும், நாட்டுக்கு அப்படி இல்ல. நெய்வேலில பழுப்பு நிலக்கரி டன் கணக்குல தோண்டறாங்க, மணலி ரிஃபைனரிக்கு கச்சா எண்ணெய் கப்பல்ல வருது, இயற்கை எரிவாயுவ கன மீட்டர்ல அளக்கறாங்க, உங்க வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. இத்தனையும் ஒரே தாள்ல கூட்டணும்னா எல்லாத்துக்கும் பொதுவா இருக்கற ஒண்ணாலதான் அளக்கணும், அதுதான் வெப்பம், எரிச்சா எவ்வளவு சூடு வரும்ங்கறது. ஒரு டன் எண்ணெய்க்குச் சமம்னா ஒரு கோடி கிலோகலோரின்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்டு வச்சிருக்காங்க. ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோகலோரி, அப்ப அந்த ஒரு டன் நம்ம கணக்குல 11,630 யூனிட்.

உங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுதுன்னு வச்சுக்குங்க, வருஷத்துக்கு 2,400, அந்த மாதிரி அஞ்சு வீடு சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு டன் எண்ணெய். ஒரு சிலிண்டர்ல இருக்கற சூட யூனிட்டா மாத்தினா சுமார் 180 வரும், ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9. இத ஒரு தடவ போட்டுப் பாத்துட்டீங்கன்னா அடுத்த தடவ டிவியில அந்த நம்பர் வரும்போது பயமா இருக்காது.

கேள்வி: எங்க ஏரியாவுல துறைமுகத்துலேருந்து கன்வேயர் பெல்ட்ல நிலக்கரி அனல்மின் நிலையத்துக்குப் போறத தினம் பாக்கறேன். அந்த நிலக்கரியையும் எழுதறாங்க, அதுலேருந்து வர்ற கரண்டையும் எழுதறாங்க. ஒரே பொருள் ரெண்டு தடவ கணக்குல வந்துடாதா?
– வாசகர், எண்ணூர்

சும்மா கூட்டினா கண்டிப்பா வந்துடும். அதுக்காகத்தான் எரிசக்தி சமநிலை அட்டவணைன்னு ஒண்ணு போடறாங்க, நம்ம நாட்டுக்கு தேசிய புள்ளியியல் அலுவலகம் வருஷா வருஷம் வெளியிடுது. ஒவ்வொரு எரிபொருளுக்கும் ஒரு பத்தி. மேல உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, யார்டுல இருப்பு கூடினதா குறைஞ்சதா, நடுவுல ஒண்ண இன்னொண்ணா மாத்தினது, கீழ கடைசியா ஆலை, வீடு, வண்டி, விவசாயம்னு யார் எடுத்தாங்கங்கறது. உங்க அனல்மின் நிலையம் அந்த நடு வரியில வரும், நிலக்கரிப் பத்தியில மைனஸ், கரண்ட் பத்தியில பிளஸ். மைனஸ் 100னா பிளஸ் 35 பக்கத்துலதான் இருக்கும், மீதி சூடா புகைபோக்கி வழியாவும் கடல் தண்ணி வழியாவும் போயிடுது. வந்த 35லயும் நிலையம் தன்னோட மில்லு, பம்பு, ஃபேன் ஓட்ட கொஞ்சம் எடுத்துக்குது, அப்புறம் ஒயர்ல கொஞ்சம் போகுது. அதனால நாடு எவ்வளவு எரிசக்தி செலவழிச்சுதுன்னு ரெண்டு பேர் ரெண்டு நம்பர் சொன்னா ரெண்டு பேருமே சரியா இருக்கலாம், ஒருத்தர் பெல்ட்டுல வச்சு அளந்திருப்பார், இன்னொருத்தர் பெரம்பூர் வாசகி வீட்டு மீட்டர்ல. எந்த நம்பரப் பாத்தாலும் நான் முதல்ல தேடறது அதத்தான், மீட்டர் எங்க இருக்குன்னு.

இன்னொரு விஷயம், அந்த பெல்ட்டுல போற ஒரு டன்னும் இன்னொரு டன்னும் ஒண்ணு கிடையாது. நம்ம நாட்டு நிலக்கரிய ஜி1லேருந்து ஜி17 வரைக்கும் தரம் பிரிச்சிருக்காங்க, ஜி1 கிலோவுக்கு 7,000 கிலோகலோரிக்கு மேல, ஜி17 வெறும் 2,200லேருந்து 2,500 வரைக்கும். அதனால எடை மட்டும் போதாது. லோடுலேருந்து சாம்பிள் எடுத்து, பொடிச்சு, காயவச்சு, அதுல ஒரு கிராம் அளவு எடுத்து கெட்டியான ஸ்டீல் டப்பாவுக்குள்ள ஆக்ஸிஜன அடைச்சு, டப்பாவ தண்ணியில மூழ்க வச்சு கொளுத்தறாங்க, தண்ணி எத்தன டிகிரி ஏறுச்சுன்னு பாத்துதான் கிலோவுக்கு இத்தன கிலோகலோரின்னு எழுதறாங்க. அந்த ஒரு கிராம எங்கேருந்து எடுத்தாங்க, ஈரம் எவ்வளவு, சுரங்க வாசல்லயா, நிலைய வாசல்லயா, இதுலயே சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் வருஷக்கணக்கா தகராறு. இவ்வளவு பெரிய நாட்டோட கணக்கு ஒரு சிட்டிகை பொடியில நிக்குதுன்னு நெனச்சா அந்த லேப்ல வேலை பாக்கறவங்க மேல எனக்கு பெரிய மரியாதையே வருது.

கேள்வி: ஆயிரம் மெகாவாட் சோலாரும் ஆயிரம் மெகாவாட் அணுமின் நிலையமும் சமம்தானே?
– வாசகர், தாம்பரம்

சமம் இல்ல சார். மெகாவாட்ங்கறது குழாயோட அகலம், யூனிட்ங்கறது குடத்துல விழுந்த தண்ணி. ஒரு மெகாவாட் வருஷம் முழுக்க நிக்காம ஓடினா 87.6 லட்சம் யூனிட். சோலார் ராத்திரியில ஓடாது, அதுல சுமார் அஞ்சுல ஒரு பங்குதான் தரும். அணுமின் நிலையம் நல்லா ஓடற வருஷத்துல அந்த முழு அளவுக்குப் பக்கத்துலயே வரும்.

இதுக்கு மேல ஒரு கணக்கு வழக்கம் இருக்கு. சோலார், காத்தாலைலேருந்து வர்ற ஒரு யூனிட்ட அட்டவணையோட மேல் வரியிலயும் ஒரு யூனிட்டாவே எழுதுவாங்க, ஏன்னா அங்க எரிக்கறது எதுவும் இல்ல. அணு உலைக்கு மட்டும் 33 சதவீதம் திறன்னு வச்சுக்கிட்டு, கல்பாக்கத்துலேருந்து வர்ற ஒரு யூனிட்டுக்குப் பின்னாடி மூணு யூனிட் வெப்பம்னு எழுதறாங்க. சர்வதேச எரிசக்தி முகமை கடைப்பிடிக்கற முறை இது. அதனால "மொத்த எரிசக்தியில பங்கு"ன்னு வட்டப் படம் பாத்தா ஆரல்வாய்மொழி காத்தாலை சின்னதாவும் அணுமின்சாரம் மூணு மடங்காவும் தெரியும், ரெண்டும் ஊருக்கு ஒரே அளவு கரண்ட் குடுத்திருந்தாலும். தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதிடணும். எழுதாம போடறது வாசகருக்குப் பண்ற அநியாயம்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் டீசல் எந்தக் கணக்குல வரும்?
– வாசகி, வேளச்சேரி

பங்க்ல வாங்கினா வித்த கணக்குல வந்துடும். பெட்ரோல் டீசல்ல நுகர்வுன்னு சொல்றதே முக்கால்வாசி விற்பனைதான், நீங்க எரிச்சீங்களா கேன்ல வச்சிருக்கீங்களான்னு யாரும் வந்து பாக்கறதில்ல. வாங்கினது காருக்கா ஜெனரேட்டருக்கான்னும் பங்க்ல எழுதறதில்ல. அதனாலதான் பங்க் பங்க்கா தனியா ஒரு சர்வே எடுத்து, 2014 ஜனவரியில வெளியிட்டாங்க, டீசல்ல 70 சதவீதம் வண்டிகளுக்கு, மீதி மத்த வேலைக்குன்னு. நம்ம ஊர்ல 2012 கரண்ட் கட் காலத்துல தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டவங்களுக்கு அந்த மீதி புரியும்.

கேள்வி: சென்னையில ஏறி சிங்கப்பூர் போற ஃப்ளைட்டுக்கு இங்க ஊத்தற எரிபொருள் நம்ம நாட்டுச் செலவா?
– மாணவர், பல்லாவரம்

சர்வதேச அட்டவணையில இல்ல தம்பி. மதுரைக்குப் போனா நம்ம கணக்கு, சிங்கப்பூருக்குப் போனா தனியா கழிச்சிடுவாங்க. கப்பலுக்கும் அப்படித்தான்.

கேள்வி: ஊர்ல எங்க மாமியார் இன்னும் விறகடுப்புலதான் சமைக்கறாங்க. வேலிக்காத்தான் வெட்டிக் கொண்டாந்தா பில்லும் கிடையாது மீட்டரும் கிடையாது. அது எங்கயாவது கணக்குல வருமா?
– வாசகி, அம்பத்தூர்

இந்தக் கடிதத்த ரெண்டு மூணு தடவ படிச்சேன். எங்க அம்மாவும் அப்படித்தான் சமைச்சாங்க, சுமை தூக்கிட்டு வர்ற அன்னிக்கு கழுத்து திருப்ப முடியாது. அந்த உழைப்பு எந்தப் பத்தியிலயும் இல்ல, விறகு மட்டும் ஓரளவுக்கு வரும். தேசிய மாதிரி ஆய்வுல வீட்டுக்கு ஆள் வந்து செலவுக் கணக்கு கேக்கறப்ப போன 30 நாள்ல எத்தன கிலோ விறகு எரிச்சீங்கன்னும் கேப்பாங்க, காசு குடுத்து வாங்காம பொறுக்கினதும் அதுல சேத்தி. அந்த பதில்களை வச்சுத்தான் நாடு முழுக்க மதிப்பீடு. ஆனா விறகடுப்புல எரிக்கறவங்களுக்கு சுமைதான் தெரியும், கிலோ தெரியாது, வந்தவரும் குத்துமதிப்பா ஒண்ண எழுதிட்டுப் போயிடுவார். அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப ஒரு தொங்கு தராசு எடுத்துட்டுப் போயி மாமியாரோட ஒரு சுமைய எடை போட்டு சொவத்துல கரியால எழுதி வச்சுட்டு வாங்கம்மா, யாராவது கேட்டு வந்தா அவங்க காட்டுவாங்க.