பழைய ஆலை நிலத்தில் அடுக்குமாடி வீடு: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சென்னையின் மையப் பகுதியை ஒட்டி, சாயப் பிரிவோடு இயங்கிப் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட நூற்பாலை நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 12 லட்சம் கொடுத்துவிட்டேன். விற்பனை ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை. "ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) எண் இருக்கிறது, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருக்கிறது, வங்கியே கடன் தருகிறது, வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள் கட்டுநர் தரப்பில். ஆனால் ஆலையின் பழைய தொழிலாளர்கள் நிலுவைத் தொகைக்கு வழக்கு நடத்துவதாகவும், பக்கத்துத் தெருவில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருவதாகவும் கேள்விப்படுகிறேன். தொடரலாமா, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: உடனே கையெழுத்தும் போட வேண்டாம், உடனே ரத்தும் செய்ய வேண்டாம். முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். கேட்பதற்கான பிடி உங்களிடம் இருக்கிறது. ரெரா சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் வீட்டுக்கு அது 8 லட்சம். 12 லட்சம் வாங்கியது கட்டுநரின் மீறல். 61-வது பிரிவில் திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அவர்களும் இதை அறிவார்கள்.

ரெரா பதிவு, கட்டுநர் தாக்கல் செய்த உறுதிமொழியையும் ஆவணங்களையும் வைத்து நடப்பது. நில உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. திட்ட அனுமதியும் அப்படியே. வங்கி வழக்கறிஞரின் கருத்துரை வங்கிக்காக எழுதப்பட்டது. அதை நம்பி வாங்கினேன் என்று நீங்கள் பிறகு அந்த வழக்கறிஞரைக் கேட்க முடியாது.

ஆலை நிலம் சாதாரண மனை போல ஒரே பத்திரத்தில் வந்ததல்ல. பல சர்வே எண்களைச் சேர்த்து ஒரே சுற்றுச்சுவர் போட்டிருப்பார்கள். சுவருக்குள் பழைய வண்டிப்பாதையோ வாய்க்கால் புறம்போக்கோ சிக்கியிருக்கலாம். சில துண்டுகள் தொழிற்சாலை நடத்துவதற்காக அரசு குத்தகைக்கு விட்டவையாகவும் இருக்கலாம். எனவே டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்), அனுமதி பெற்ற வரைபடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். வரைபடத்தில் உங்கள் பிளாக் நிற்கும் எண் டி.எஸ்.எல்.ஆரில் 'சர்க்கார்' என்று இருந்தால் பேச்சு அங்கேயே நிற்கட்டும். வில்லங்கச் சான்றிதழைப் பழைய சர்வே எண், புதிய நகர சர்வே எண் இரண்டுக்கும் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று காட்டுவது வழக்கமாக நடப்பதுதான்.

அடுத்தது நகர்ப்புற நில உச்சவரம்பு, அதாவது நகரில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காலி நிலத்துக்கான வரம்பு. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் 1999-இல் ரத்தானது. ஆனால் அதற்கு முன்பே உபரி என்று அறிவித்து அரசு சுவாதீனம் எடுத்திருந்தால், ரத்துச் சட்டம் அதைத் திருப்பித் தராது. ஆலைகளிடம் காலி நிலம் நிறைய இருந்ததால் இந்தச் சிக்கல் அவற்றுக்கு அதிகம். உச்சவரம்பு அலுவலகத்தின் கடிதம் கேளுங்கள். தொழிற்பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக நிலப் பயன்பாட்டை மாற்றிய ஆணையில் எல்லா எண்களும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

தொழிலாளர் வழக்கைப் பொறுத்தவரை, வழக்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். பணம் கேட்கும் வழக்கு தானாக நிலத்தைப் பிடிக்காது. நிலத்தின் மீது ஜப்தி உத்தரவு இருக்கிறதா, வருவாய் வசூல் நடவடிக்கை இருக்கிறதா என்பதே கேள்வி. வருங்கால வைப்பு நிதி பாக்கி மட்டும் தனி ரகம். சட்டம் அதை நிறுவனச் சொத்துகளின் மீது முதல் பொறுப்பாக, அதாவது மற்ற கடன்களுக்கு முன் தீர்க்க வேண்டியதாக, ஆக்குகிறது. நிலம் கட்டுநருக்கு வந்த வழியும் முக்கியம். நீதிமன்றமோ திவால் தீர்ப்பாயமோ மேற்பார்த்த ஏலம் என்றால் விற்பனைச் சான்றிதழையும் அதன் ஆணையையும் படித்தால் பாக்கிகள் யார் தலையில் என்பது தெரியும். வங்கி நடத்திய 'இருக்கும் நிலையில்' ஏலம் என்றாலோ, ஆலை நிறுவனமே நேரடியாக விற்றது என்றாலோ கூடுதல் கவனம் வேண்டும். பத்திரங்களை ஒப்படைத்து வாங்கிய பழைய அடமானம் வில்லங்கத்தில் வராமலே இருக்கலாம். அதனால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ஆலை நிறுவனம் சொத்தை ஈடு வைத்து வாங்கிய கடன்களின் பதிவுகளைத் (சார்ஜ்) தேடுங்கள்.

இனி மண். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் பேசாத விஷயம் இது. மண் பரிசோதனை அறிக்கை கேட்டால் பெரும்பாலும் ஒன்றை நீட்டுவார்கள். அது அஸ்திவாரம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்த அறிக்கை. உங்களுக்கு வேண்டியது ரசாயனப் பரிசோதனை: சாயப் பிரிவு, கழிவுநீர்த் தொட்டி, எண்ணெய்க் கிடங்கு இருந்த இடங்களில் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த மாதிரிகளில் குரோமியம், ஈயம் போன்றவை எவ்வளவு என்ற அறிக்கை. நிலத்தடி நீருக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் அளவுகோல்: லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.05 மில்லிகிராம். மஞ்சள் நிறம் வெறும் இரும்பாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதன் நிபந்தனைகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தேடலாம். ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த பழைய இசைவாணைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், எந்தக் கழிவு எங்கே போனது என்று ஓரளவு புரியும்.

எல்லாம் சரியாக வந்தால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மாசுபட்ட மண்ணை அகற்றுவதும், ஒப்படைக்கும்போது நீர்ப் பரிசோதனை அறிக்கை தருவதும் கட்டுநரின் கடமை என்று. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெரா சட்டத்தின் 14(3) பிரிவில் வரும் 5 ஆண்டுப் பொறுப்பு கட்டடக் குறைகளோடு, ஒப்பந்தப்படியான பிற கடமைகளில் வரும் குறைகளுக்கும் பொருந்தும். எழுதியிருந்தால்தான் மண்ணும் அதற்குள் வரும். நில உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் 18(2) பிரிவில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் காலவரம்பு தடையில்லை. ஆனால் இந்த ஒரு திட்டத்துக்கென்றே தொடங்கிய நிறுவனம் எதிரே இருந்தால், தீர்ப்பு கிடைத்தும் வசூலிக்கச் சொத்து இல்லாமல் போகலாம். தாய் நிறுவனத்தையும் ஒப்பந்தத்தில் பொறுப்பாளியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் பெயரில் ஏற்றியிருக்கும் ஆவணங்களை இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 10 சதவீத மீறலையும் அதில் குறிப்பிடுங்கள். ரசீதுகள், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். விளம்பரத்தில் சொன்னது பொய் என்று தெரிந்தால் 12-வது பிரிவில் முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். முன்பதிவுப் படிவத்தில் 'ரத்து செய்தால் பிடித்தம்' என்று இருந்தாலும் அதை எதிர்த்து வாதாட இடமுண்டு. வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். (கடனுக்கான அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம். பணத்தைத் திரும்பப் பெற ரெரா ஆணையத்திடம் படிவம் 'எம்', இழப்பீட்டுக்குத் தீர்வு அலுவலரிடம் படிவம் 'என்'. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.