கூருவதா, கூறுவதா?

கேள்வி: 'உன்னிடத்தில் நீ அன்பு கூறுவதுபோல் பிறனிடத்திலும் அன்பு கூறுவாயாக' என்கிறது வேதம். எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் பிடிக்காதவரிடமும் கை குலுக்கிச் சிரிக்கிறோம். இது மாய்மாலம் இல்லையா? உண்மையான அன்பு நடைமுறையில் சாத்தியமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கேள்வியைவிட உங்கள் எழுத்துப்பிழை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேதத்தில் இருப்பது சின்ன 'ர'. அன்புகூருவாயாக. நீங்கள் போட்டிருப்பது பெரிய 'ற'. உன்னிடத்தில் நீ அன்பு கூறுவதுபோல் என்றால், காலையில் கண்ணாடி முன்னால் நின்று நமக்கு நாமே 'ஐ லவ் யூ' சொல்லிக்கொள்வது. செல்ஃபி எடுக்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை.

இந்த ர, ற தகராறு எனக்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் நடுவே பல வருடமாக ஓடுகிறது. ஒரு கிறிஸ்துமஸ் இதழில் நான் எழுதிய 'அன்புகூருங்கள்' அத்தனையையும் 'அன்பு கூறுங்கள்' ஆக்கி, கூருங்கள் என்று தமிழில் சொல்லே கிடையாது சார் என்று என்னிடமே வாதாடினார். கிடையாதா? 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பியம். கூர்தல் என்றால் ஏற்கனவே உள்ள ஒன்று மிகுவது. கவனியுங்கள், உள்ளது. இல்லாததைக் கூர முடியாது. கூற முடியும், மைக் இருந்தால் போதும்.

சரி, மாய்மாலம். 'உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக' என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். (நம் செய்தித்தாள் தமிழில் மாயம் என்றால் பத்துப் பவுன் நகை பீரோவிலிருந்து காணாமல் போவது. அந்த அர்த்தத்தில் படித்தாலும் வசனம் நன்றாகவே இருக்கிறது.) மாயக்காரன் என்று நம் வேதம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்கு நாடக நடிகன் என்றும் பொருள். முகமூடி மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவன். நடிகர்களிடம் நாட்டையே கொடுத்துப் பழகிய நாம் இதை எவ்வளவு தூரம் புரிந்துகொள்வோம் என்று தெரியவில்லை, அது வேறு அரசியல்.

கை குலுக்குவது நடிப்பில்லை ஐயா, மரியாதை. அதே பவுல் அடுத்த வசனத்திலேயே கனம்பண்ணுவதில் முந்திக்கொள்ளுங்கள் என்கிறார், உனக்கு அவனைப் பிடிக்கிறதா என்று கேட்கவில்லை. நடிப்பு எதுவென்று பார்க்க வேண்டுமானால் உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து வடக்கன்குளம் போங்கள். ஒரு காலத்தில் அங்கே கத்தோலிக்கக் கோவிலுக்குள் சுவர் வைத்து இரண்டு சாதியைப் பிரித்திருந்தார்கள். ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் சுவர். ஆளுக்கொரு பக்கமாக நீளும் அமைப்பு, பார்க்கக் கால்சட்டை விரித்துப் போட்டதுபோல இருக்கும். 1910இல் சுவரை இடித்தார்கள். உடனே எல்லோரும் கட்டித் தழுவினார்களா? ஒரு சாரார் சுவர் வேண்டுமென்று வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பிறனிடத்தில் அன்பு என்ற வசனம் சுவருக்கு இந்தப் பக்கமும் வாசிக்கப்பட்டது, அந்தப் பக்கமும் வாசிக்கப்பட்டது. கூறினார்கள், பெரிய ற. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சுவர் மிச்சமிருக்கிறது. செத்தவர்களுக்குள் என்ன தீட்டோ! (இதையே எத்தனை தடவை எழுதுவீர்கள் என்று துணையாசிரியர் கேட்கிறார். சுவர் இருக்கிறவரை.)

சாத்தியமா என்று கேட்டீர்கள் இல்லையா. போன வருடம் நான் டைஃபாய்டில் படுத்தபோது 'ஜெபித்துக்கொள்கிறேன் பிரதர்' என்று போனில் வந்த செய்திகளை எண்ணி முடிக்க முடியவில்லை. கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு வந்தவர், சாக்கடைத் தண்ணீர் விஷயமாக எங்களோடு நான்கு வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டு அக்கா. சிரிக்கவில்லை, கை குலுக்கவில்லை. 'குடிச்சுட்டுப் பாத்திரத்தை அனுப்புங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு, அவன் தலைமேல் அக்கினித்தழலைக் குவிப்பாய் என்று அதே அதிகாரத்தில் வருகிறதே, அதை அன்றைக்குத்தான் தலையில் உணர்ந்தேன். காய்ச்சலாகவும் இருக்கலாம்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி நிறையச் சர்க்கரை போட்டு அனுப்பினாள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அப்புறம்தான் தெரிந்தது.