கேள்வி-பதில்: தோல் தைக்கும் மிஷின் வாங்குகிறவர்களுக்கு

கே: வீட்டுத் தையல் மிஷின் ஒன்றில் 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருக்கிறது. வீடியோவில் பெல்ட்டே தைத்துக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு)

ப: வேண்டாம். ஜீன்ஸ் தைக்கும், அவ்வளவுதான்.

கே: பர்ஸ், ஹேண்ட்பேக், பெல்ட் எல்லாம் தைக்க வேண்டும். கடையில் பெரிய சிலிண்டர் பெட் (உருளைக் கை போன்ற மேடை) மிஷினைக் காட்டி, 'இது இருந்தால் எதையும் தைக்கலாம்' என்கிறார்கள். (சென்னை)

ப: தைக்க முடியாது. ஜூக்கி கம்பெனியின் 441 வகையான அந்த மிஷின் சேணம், தடித்த பெல்ட் போன்றவற்றுக்கு, பருமனான ஊசி நூலுக்கென்றே செய்தது. மெல்லிய பர்ஸ் தோலை வைத்தால் ஊசித் தட்டின் பெரிய துளைக்குள் அமுங்கும், தோலை நகர்த்தும் கீழ்ப் பல்லின் தடமும் பதியும். உங்களுக்கு ஜூக்கி 1541 போன்ற வாக்கிங் ஃபுட் மிஷின் போதும். ஊசி, உள் ஃபுட் (தோலை அழுத்தும் பாதம்), கீழ்ப் பல் மூன்றும் சேர்ந்தே நகர்வதால் அடுக்குகள் வழுக்காது. ஊசி 135×16 என்று கேளுங்கள், அது தோலுக்கான முனை. 135×17 துணிக்கான முனை. கடைக்காரர் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்.

கே: தையலின் அடியில் நூல் கொத்துக் கொத்தாக நிற்கிறது. பாபின் கேஸ் (அடிநூல் கூடு) ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனேன், இப்போது நூல் அறுகிறது. மிஷின் டூப்ளிகேட்டா? (திண்டுக்கல்)

ப: மிஷினைத் திட்டாதீர்கள். அடியில் கொத்து நின்றால் கோளாறு மேலே. மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. ஃபுட்டைத் தூக்கிவைத்து மறுபடி நூல் கோத்துப் பாருங்கள். அப்போதுதான் தட்டுகள் விலகும். பாபின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நூல் லேசாக, சீராக வரும்படி வையுங்கள். அப்புறம் மேல் டென்ஷனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், முடிச்சு தோலுக்கு நடுவில் மறையும்வரை. டிக்கெட் என்பது நூல் பருமனின் எண், குறையக் குறைய நூல் தடிக்கும். டிக்கெட் 40 நூலுக்கு 18-ம் எண் ஊசி. டிக்கெட் 20 என்றால் 22 அல்லது 23. நீங்கள் என்ன நூல், என்ன ஊசி போட்டீர்கள் என்று எழுதவே இல்லை. ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கே: ஓரம் மடித்த கனமான இடத்தில் மட்டும் தையல் விழாமல் விட்டுப்போகிறது. (ராணிப்பேட்டை)

ப: ஃபுட் அழுத்தம் போதவில்லை. ஊசி ஏறும்போது தோலும் கூடவே எழும்புகிறது. அழுத்தத்தைக் கூட்டுங்கள், டைமிங்கில் (ஊசியும் அடியில் நூல் பிடிக்கும் முனையும் சந்திக்கும் நேரத்தில்) கை வைக்காதீர்கள்.

கே: வீட்டிலேயே செருப்பு அப்பர் (மேல்பகுதி) தைக்கிறேன். கடன் வாங்கி 42,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் மிஷின் வாங்கினேன். கடையில் நன்றாக ஓடியது, வீட்டில் தையல் விடுகிறது. அடியில் நூலைப் பிடிக்கும் ஷட்டில் முனையே தேய்ந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார். 'தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது' என்கிறார். (பேரணாம்பட்டு)

ப: அம்மா, அவர் சொல்வதை நம்பாதீர்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பாதி உண்மை. சுயதொழிலில் தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நீங்கள் நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மெக்கானிக் சொன்னதை எழுதி வாங்குங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். 'பில் போட்டால் ஜிஎஸ்டி ஏறும் சார்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கவா அவர் கடை வைத்திருக்கிறார்? நாளைக்கு 'இந்த மிஷின் என் கடையதே இல்லை' என்று சொல்லிவிடலாம், அதற்குத்தான். மாடல், சீரியல் எண், 'ஓடும் நிலையில்' என்ற வார்த்தை, மூன்றும் பில்லில் வேண்டும். இன்னொன்று: கடைக்காரர் எடுத்துத் தரும் மெல்லிய துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். உங்கள் தோல், உங்கள் நூலைக் கொண்டுபோய் மெதுவாக, மடிப்பின் மேல் ஏற்றித் தைத்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

கே: கையால் சுற்றும் செருப்புத் தையல் மிஷின் ஆன்லைனில் மலிவாக வருகிறதே? (மதுரை)

ப: என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. வார்ப்பின் பிசிறுகளை அரத்தால் தேய்த்து எடுக்கும்வரை நூல் அறுந்துகொண்டே இருந்தது. பாபினும் சுண்டைக்காய் அளவு. அரம் பிடிக்கத் தெரிந்தால் வாங்குங்கள்.

கே: பெடலில் கால் வைத்ததும் மிஷின் பாய்கிறது. கிளட்ச் மோட்டார். (ஆம்பூர்)

ப: நானும் மலிவு என்று அந்த மோட்டாரோடு ஒன்று வாங்கி, தோலைப் பாழாக்கியவன்தான். வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சர்வோ மோட்டார் போடுங்கள், மோட்டார் பக்கம் சின்ன புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்). பெல்ட் நீளம் மாறும், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.