இரண்டாம் நாள் காலைக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். அட்லாண்டாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் சொல்லித்தான் அமெரிக்காவில் இருக்கும் அப்பலாச்சியன் டிரெயில் பற்றித் தெரிந்தது. வருகிற ஏப்ரலில் தொடங்கி முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் நடந்து முடிக்க ஆசை. தினமும் காலையில் ஏரியை ஒரு சுற்று நடக்கிறேன். எழுபது லிட்டர் பையும் கணுக்காலை மூடும் கனமான பூட்ஸும் போன வாரம் வாங்கினேன். இன்னும் என்ன வாங்க வேண்டும்? ஜிம்முக்குப் போக வேண்டுமா? நான் சைவம், சமாளிக்க முடியுமா? வீட்டுக்காரருக்குக் கரடி பயம். "இந்த வயதில் இது தேவையா?" என்கிறார்.
- வாசகி, கொடைக்கானல்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வயதுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 1955இல் எம்மா கேட்வுட் என்ற ஒஹாயோ பாட்டி இந்தப் பாதை முழுவதையும் தன்னந்தனியாக நடந்தார். அப்போது அவருக்கு 67 வயது. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். தோளில் தானே தைத்த துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ, அவ்வளவுதான். பிறகு இன்னும் இரண்டு முறை அதே பாதையை முடித்தார். இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அதற்காக அவருடைய கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் கடைசி வரை போகிறார். காயம், கைக்காசு தீர்ந்துபோவது, வாரக்கணக்கில் மழையில் நனைந்து மனம் விட்டுப்போவது, இவைதான் பெரும்பாலும் மற்றவர்களைத் திருப்பி அனுப்புகின்றன.

ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னில் கட்டாடின் மலையில் முடியும் பாதை இது. 14 மாநிலங்கள், சுமார் 3,530 கிலோமீட்டர். இதில் மிக உயரமான இடம் குவோஹி சிகரம், 2,025 மீட்டர். 2024 வரை அதற்குக் கிளிங்மன்ஸ் டோம் என்று பெயர். உங்கள் கொடைக்கானலின் உயரம் சுமார் 2,130 மீட்டர். அதாவது, அந்தப் பாதையின் உச்சியைவிட உயரத்தில்தான் நீங்கள் தினமும் குடித்தனம் நடத்துகிறீர்கள்! மூச்சு வாங்குமோ, காற்று போதாதோ என்ற பயமே வேண்டாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பாதை ஏறும், உடனே இறங்கும், மறுபடி ஏறும். மொத்த ஏற்றத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 1,41,000 மீட்டர் வருகிறது. அதே அளவுக்கு இறக்கமும் உண்டு. ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் போனால் சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறி ஆயிரம் மீட்டர் இறங்கியிருப்பீர்கள். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும் அதேதான்.

அதனால்தான் ஏரிச் சுற்று போதாது என்கிறேன். ஐந்து கிலோமீட்டர் சமதரை, கையில் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்தால் சூடாகக் காபி. உடம்புக்கு நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் நீங்கள் பழக வேண்டியது இரண்டாம் நாள் காலை. முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள். முழங்கால் விறைத்து, குதிகாலில் கொப்புளம் எரிய, ஈரக் காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புகிற அந்தக் காலையை இங்கேயே பலமுறை பார்த்துவிட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் கொஞ்சம் கொஞ்சம் நடப்பதைவிட, சனி ஒரு நீண்ட நடை, ஞாயிறு அதே அளவு இன்னொரு நடை என்று அடுத்தடுத்து வைத்துக்கொள்வது இதற்கு அதிகம் உதவும்.

இதைப் பழக நம் ஊரிலேயே அருமையான ஒரு வழி இருக்கிறது. உங்கள் மலையடிவாரத்திலேயே பழனி. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டில் இருந்து நகரத்தார் காவடி எடுத்துக்கொண்டு 150 கிலோமீட்டருக்கு மேல் நாள்கணக்கில் நடந்து வருகிறார்கள். இருட்டோடு எழுந்து கிளம்புவது, வெயில் ஏறுமுன் பாதித் தூரத்தை முடிப்பது, நிழலில் காலை நீட்டிப் படுப்பது, வலியோடு மறுபடி எழுவது என்று நீண்ட நடையின் இலக்கணம் முழுக்க அவர்களிடம் இருக்கிறது. நீங்களும் இந்தத் தைப்பூசத்துக்குத் தெரிந்தவர்களோடு ஒரு பாதயாத்திரை போய் வாருங்கள். முழுத் தூரம் முடியாவிட்டால் திண்டுக்கல்லில் இருந்தாவது, அது சுமார் 60 கிலோமீட்டர். முதுகில் ஆறேழு கிலோ பை, காலில் அமெரிக்காவுக்குப் போட்டுக்கொண்டு போகப்போகிற அதே ஷூ. வெறுங்காலோடு நடப்பவர்கள் நடுவில் கூச்சமாக இருக்கலாம், இருக்கட்டும். காலில் எந்த இடம் முதலில் சூடாகிறது என்று கவனியுங்கள். சூடு தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அங்கே டேப் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் அது கொப்புளமாகிவிடும். பாதயாத்திரை சமதரை என்பதால் மலையேற்றத்துக்கு ஈடாகாது. ஆனால் தொடர்ந்து நடக்கிற மனசு அங்கே வந்துவிடும்.

மலைப்பயிற்சிக்கு வில்பட்டி, பள்ளங்கி பக்கம் இறங்குங்கள். பையில் முதலில் நாலு கிலோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ கூட்டி, பிப்ரவரிக்குள் 12 கிலோ. கொடைக்காரர்களுக்கு ஒரு வசதிக்குறைவு உண்டு. வீடு மேலே இருப்பதால் காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம் வருகிறது, களைத்த பிறகு ஏற்றம். முழங்காலைக் கெடுப்பது களைத்த தொடையோடு இறங்குவதுதான். ஆகவே சில நாள் காலையில் பஸ்ஸில் கீழே போய் அங்கிருந்து ஏறி வாருங்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடி பாதித் தூரம் இறங்குங்கள். இறங்கும்போது எடுத்து வைக்கும் அடி சின்னதாக இருக்கட்டும், முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம் வாங்குங்கள். உங்கள் பட்டியலில் விட்டுப்போன பொருள் அதுதான். ஜிம் தேவையில்லை, வீட்டு வாசற்படியில் ஒற்றைக் காலால் மெல்ல இறங்கி ஏறுவதைத் தினமும் செய்தால் போதும். முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் மட்டும் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பயிற்சி என்று சொல்லிக்கொண்டு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரை இழந்தோம் என்பதை நம் பக்கத்து மக்கள் மறக்க முடியாது. வனத்துறையின் டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். வட்டக்கானல்-வெள்ளகவி பாதை அதில் இருக்கிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கு ஏறிவந்த பழைய வழிகளில் ஒன்று அது. அப்பலாச்சியன் இறக்கம் எப்படி இருக்கும் என்று முழங்காலுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குப் பக்கத்தில் கிடையாது. கோடையில் தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

இப்போது நீங்கள் வாங்கிய பொருள்கள். எழுபது லிட்டர் பை வேண்டாம். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். ஐம்பது லிட்டர் போதும். சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் நீங்கலாக மற்ற எல்லாம் சேர்ந்து எட்டு கிலோவுக்குள் அடங்க வேண்டும். கூடாரம், தூக்கப்பை, முதுகுப்பை ஆகிய மூன்றிலும் எடை குறைந்ததை வாங்கினால் பாதி வேலை முடிந்தது, செலவு செய்வதாக இருந்தால் இந்த மூன்றில் செய்யுங்கள். எந்தப் பொருளையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

கனமான பூட்ஸும் வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது. இப்போது பெரும்பாலானவர்கள் டிரெயில் ரன்னர் என்கிற இலகுவான ஷூவில்தான் நடக்கிறார்கள். ஒரு ஜோடி 700, 800 கிலோமீட்டர் தாங்கும். அப்படியானால் நாலைந்து ஜோடி வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இப்போதே வாங்கி வைக்காதீர்கள்! மாதக்கணக்கில் நடக்கும்போது பாதம் வீங்கி, அகலமாகி, அளவே மாறிவிடும். முதல் ஜோடியையே வழக்கத்தைவிட அரை அளவு, ஒரு அளவு பெரிதாக எடுங்கள். மற்றவற்றை அங்கே தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கரடியைவிட நான் அஞ்சுவது குளிரோடு சேர்ந்த மழைக்கு. ஏப்ரலில் அந்த மலைகளில் பனி பெய்வதும் உண்டு. பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியும் பாலியஸ்டரும் மட்டும் எடுங்கள். இரவில் போட ஒரு செட் உடை எது நடந்தாலும் நனையக் கூடாது, அதைப் பகலில் தொடவே தொடாதீர்கள். பைக்கு மேலே போடும் உறையை நம்பாமல், உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொடையில் விடாமல் தூறும் அல்லவா, அப்போது மொட்டை மாடியில் கூடாரம் போட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கரடிக்கு வருகிறேன். அங்கே இருப்பது கருங்கரடி. அதற்கு வேண்டியது உங்கள் சாப்பாடு. கூடாரத்துக்குள் சாப்பிடாதீர்கள். பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் கரடிக்கு எட்டாதபடி கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது அதற்கென்றே விற்கும் கெட்டி டப்பாவில் பூட்டித் தள்ளி வையுங்கள். தெருவில் காட்டெருமை நின்றால் எத்தனை தூரம் விலகிப் போக வேண்டும் என்று நாயுடுபுரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர் உண்மையில் பயப்பட வேண்டியது எள்ளளவு இருக்கும் மான் உண்ணிக்குத்தான். அதன் கடியால் லைம் நோய் வரும். தினமும் இரவு முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உப்போ தீக்குச்சியோ வேண்டாம், அது அட்டை இல்லை. பிறகு சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த ஊரிலேயே மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும்.

சைவம் பிரச்சினையே இல்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஊரில் இறங்கி மளிகை வாங்கலாம். வேர்க்கடலை வெண்ணெய், டார்ட்டியா ரொட்டி, உலர் உருளைக்கிழங்கு மாவு, ஓட்ஸ், பருப்புக் கொட்டைகள் எல்லாக் கடையிலும் உண்டு. நூடுல்ஸ் வாங்கினால் மசாலாவில் மாட்டிறைச்சி, கோழி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நம் அவல் இந்த நடைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அடுப்பே வேண்டாம், ஊறவைத்தால் போதும். புளிக்காய்ச்சலோ பருப்புப் பொடியோ கலந்து, நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள். தினமும் நாலாயிரம் கலோரி செலவாகும்போது எண்ணெய்தான் குறைந்த எடையில் அதிக பலம். ஆனால் இங்கிருந்து அரிசியும் கறிவேப்பிலையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அங்கே அனுமதி இல்லை. என்ன உணவு கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். அக்கா மகன் அட்லாண்டாவின் இந்தியக் கடைகளில் அவல் வாங்கி, வழியிலுள்ள தபால் நிலையங்களுக்குப் பார்சல் அனுப்பலாம். நடையின் முதல் பாதியில் அவனுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது. ஒன்று மட்டும்: சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பாதையில் பரவும் நோரோ வைரஸ் வாந்திபேதியை கிருமிநாசினி ஜெல் சரிவரத் தடுக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்டது. சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரைதான் தங்க விடுவார்கள். விசா பத்து வருடத்துக்கு முத்திரை போட்டிருந்தாலும், எந்தத் தேதிக்குள் கிளம்ப வேண்டும் என்பதை விமான நிலைய அதிகாரி முடிவு செய்வார். பெரும்பாலானவர்களுக்கு இந்த நடை ஐந்து முதல் ஏழு மாதம் ஆகிறது. 180 நாளில் போக வர பத்து நாள், வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் கழித்தால் மிச்சம் 146. அந்த 24 கிலோமீட்டர் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். முதல் மாதம் அவ்வளவு முடியாது, 15 போதும். கால் பழகிய பிறகு ஈடுகட்டலாம். கட்டாடினுக்கு அக்டோபர் பாதிக்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு குளிர்காலத்தால் ஏறவிட மாட்டார்கள். ஜூலைக் கடைசியில் நீங்கள் கணக்கில் பின்தங்கியிருந்தால் வண்டி பிடித்து வடக்கே போய், மெய்ன் பகுதியை நடந்துவிடுங்கள். பாதையின் மிக அழகான, மிகக் கடினமான பகுதி அது. விட்ட இடத்தை இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே மாதங்கள் ஆகலாம், ஆகையால் ஷூவுக்கு முன்னால் அந்த விண்ணப்பம். நடக்கத்தான் போகிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மலைநடைக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல் மருத்துவரிடம் பல்லை ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் அந்தப் பை, பூட்ஸ் இரண்டையும் விலைச்சீட்டு கிழிக்காமல் வைத்திருந்தால், கடையில் மாற்றிக் கொடுப்பார்களா என்று ரசீதோடு இந்த வாரமே போய்க் கேளுங்கள்.